ராத்தா ஒதுக்கிய கற்கள்

1

நாங்கள் போன செம்பாறைப் பள்ளத்தாக்கின் வாசலில் ஒரு பலகை நிற்கிறது. இங்கிருந்து கல், செடி, எலும்பு எதையும் எடுக்கக் கூடாது, படம் மட்டும் எடுத்துக்கொண்டு போகலாம் என்று அதில் எழுதியிருக்கிறது. என் மகள் அம்றா அதை வாசித்துவிட்டுத் தன் கெமராவைத் தட்டிக் காட்டினாள். என் மூத்த சகோதரி, என் ராத்தாவுக்கு, இங்கிலீஷ் தெரியாது. நானும் எடுத்துச் சொல்லவில்லை. கல்பிட்டிக் கடற்கரையோரத்து ஆலங்குடாவிலிருந்து மூன்று விமானம் மாறி வந்த ஐம்பத்திரண்டு வயது மனுசி, நெவாடாப் பாலைவனத்தில் கல்லைப் பொறுக்கிக்கொண்டா போகப் போகிறார் என்று நினைத்தேன். நினைத்தது சரிதான். அவர் ஒரு கல்லையும் கொண்டுபோகவில்லை. செய்தது வேறொன்று.

ஊரில் இருப்பவர்கள் இதை வாசிப்பீர்கள் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: யாருக்கும் அடிபடவில்லை. ராத்தா சுகமாக வீடு வந்து சேர்ந்துவிட்டார். கல்பிட்டிப் பக்கம் வேறு மாதிரிக் கதை உலாவினால் நம்ப வேண்டாம்.

2

நான் இங்கே வந்து பதின்மூன்று வருடம். சண்டை முடிந்த மறு வருடம் குலுக்கலில் கிடைக்கும் அமெரிக்க லொத்தர் விசா விழுந்தது. கல்பிட்டியில் மீனுக்கு ஐஸ் போடும் தொழிற்சாலையில் மெஷின் திருத்திக்கொண்டிருந்தவனை, பாலைவனத்தில் வீடு வீடாக ஏசி திருத்தும்படி அல்லாஹ் அனுப்பி வைத்தான். கோடையில் ஏசி நின்றுபோன வீட்டுக்கு நான் போய் இறங்கும்போது கிடைக்கும் வரவேற்பு, ஊரில் மாப்பிள்ளைக்குக்கூடக் கிடைக்காது. ஒக்டோபர் வந்ததும் என்னை ஒருவருக்கும் ஞாபகம் இருக்காது.

வந்தபோது அம்றாவுக்கு இரண்டு வயது. இப்போது பதினைந்து. கெட்ட பிள்ளை அல்ல. ஆனால் எங்கள் வீட்டில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்திருப்பவளைப் போல இருக்கிறாள். பள்ளிக்கூடத்தால் வருவாள், கதவைச் சாத்துவாள், சாப்பாட்டுக்கு வெளியே வருவாள், மறுபடி சாத்துவாள். நாங்கள் தமிழில் கதைப்பது அவளுக்கு விளங்கும். பதில் இங்கிலீஷில் வரும். நானும் என் மனைவி றிபாயாவும் களைத்துப்போய் வரும் நாட்களில் அந்தப் பதிலோடு சமாதானமாகிவிடுவோம். அப்படியே வருடங்கள் போய்விட்டன.

அதனால்தான் ராத்தாவை எப்படியாவது ஒருமுறை கூப்பிட வேண்டும் என்று தவித்தேன். விசா இரண்டு தடவை மறுக்கப்பட்டது. ராத்தாவின் பிறப்புப் பதிவு, சண்டையில் நாங்கள் விட்டுவந்த முசலியோடு போய்விட்டது. பிறகு எடுத்த பிறப்புச் சாட்சிப் பத்திரத்தில் ஒரு வருடம், அடையாள அட்டையில் இன்னொரு வருடம். அந்த வித்தியாசத்தை விளக்க நான் எழுதிய கடிதங்களைச் சேர்த்தால் ஒரு பாடப் புத்தகம் வரும். முதல் நேர்முகத்தில், நீங்கள் திரும்பி வருவதற்கு என்ன காரணம் இருக்கிறது என்று கேட்டிருக்கிறார்கள்.

"என்ட கோழிகளுக்கு யாரு தீனி போடுற?" என்று ராத்தா திருப்பிக் கேட்டிருக்கிறார்.

மூன்றாம் முறை கோழிகளின் படத்தையும் கோப்புக்குள் வைத்துக்கொண்டு போனார். விசா கிடைத்தது. கோழிகளால்தான் கிடைத்தது என்று இன்றைக்கும் சாதிக்கிறார். நான் மறுத்துப் பேசுவதில்லை.

ராத்தா வந்த முதல் நாள் அம்றா தானாகவே அறையை விட்டு வெளியே வந்து, ஒரு வாரமாகப் பழகி வைத்திருந்த வசனத்தைச் சொன்னாள்: "மாமி, நீ சாப்பிட்டியா?"

ராத்தா சிரித்துவிட்டார். பிரியத்தில் வந்த சிரிப்பு. கோழிக்குஞ்சைக் கண்டால் சிரிப்பதைப் போல. ஆனால் பிள்ளைக்கு முகம் சிவந்துவிட்டது. 'நீ' என்று சொன்னது பிழை என்று பிறகு நான் விளக்கப் போய், நிலைமையை இன்னும் மோசமாக்கினேன். அன்றோடு கதவு சாத்தப்பட்டது. ஐந்து கிழமை அந்த இருவரும் ஒரே வீட்டில் சிரித்துத் தலையாட்டிக்கொண்டு மட்டும் இருந்தார்கள். ராத்தா போவதற்கு இன்னும் ஐந்தே நாள். இந்த மனுசி யார் என்று தெரியாமலே என் மகள் அவரை வழியனுப்பிவிடுவாளோ என்பதுதான் எனக்கிருந்த ஒரே கவலை. இன்னொரு விசா யார் தருவார்கள்?

3

அவர் யார் என்பதைச் சொல்லாவிட்டால் என் கவலை விளங்காது.

தொண்ணூறாம் ஆண்டு ஒக்டோபரில், வடக்கிலிருந்த முஸ்லிம்கள் எல்லோரையும் போல எங்களையும் இயக்கம் முசலியிலிருந்து போகச் சொன்னபோது எனக்கு ஒன்பது வயது, ராத்தாவுக்குப் பத்தொன்பது. உம்மாவின் கையில் கைக்குழந்தை. வாப்பாவின் தோளில் அரிசியும் சட்டியும். ஆகவே என்னைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது ராத்தாவின் பொறுப்பு. மரிச்சுக்கட்டியிலிருந்து காட்டு வழியாக பொம்பரிப்பைத் தாண்டி எலுவன்குளம் வரைக்கும் மூன்று நாள் நடந்தோம். புறப்பட்ட அவசரத்தில் என் செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டேன். ராத்தாவின் செருப்பு எனக்குப் பெரிது. இரண்டு அடி வைத்தால் கழன்றுவிடும்.

அந்த நடையில் எனக்கு ஞாபகம் இருப்பது கொஞ்சம்தான். ராத்தா எனக்கு முன்னால் போனார். தலையில் ஒரு பச்சைப் போர்வை மூட்டை. "கீழ பாக்காத. மூட்டையப் பாத்து நட" என்று சொல்லிக்கொண்டே போனார். நானும் மூன்று நாளும் அந்த மூட்டையையே பார்த்து நடந்தேன். வலது காலைப் பக்கவாட்டில் வீசி வீசி ஒரு மாதிரியாக நடந்தார். களைப்பு என்று நினைத்தேன். வழி மெத்தென்று இருந்தது. ஒரு முள்ளும் குத்தவில்லை.

இந்தக் கடைசி விஷயத்தில் எனக்கு ஒரு பெருமை உண்டு. புத்தளத்து முகாமில் மற்றப் பையன்கள் உள்ளங்காலில் துணி சுற்றிக்கொண்டு நொண்டித் திரிந்தபோது நான் ஓடி விளையாடினேன். என்ட கால் இரும்பு என்று சொல்லித் திரிந்தேன். அம்றா புதுச் சப்பாத்து கேட்கும் ஒவ்வொரு முறையும் இந்தக் கதை அவளுக்கு உண்டு. நான் தொண்டையைச் செருமும்போதே அவள் கண்ணை மேலே உருட்டுவாள்.

4

பள்ளத்தாக்குக்குப் போகும் யோசனை அம்றாவுடையது. பள்ளிக்கூடத்தில் படம் எடுக்கும் பாடம் ஒன்று படிக்கிறாள். ஓர் இடத்தில் பகல் சாயும்போது வெளிச்சம் எப்படி மாறுகிறது என்று பத்துப் படம் கொடுக்க வேண்டும். தெரிந்தெடுத்தவற்றைச் சுவரில் மாட்டுவார்கள். கொண்டுபோய் விடச் சொன்னாள். நான் ராத்தாவையும் ஏற்றிக்கொண்டேன். றிபாயாவுக்கு அன்று வேலை. சாப்பிடப் பாணும் கட்டைச் சம்பலும் கட்டித் தந்து, தன் ஓட்டச் சப்பாத்தையும் ராத்தாவுக்குப் போட்டுவிட்டாள்.

ஆலங்குடாவில் கல்லே கிடையாது. கால் புதையும் வெள்ளை மணல், தென்னை, கடல், கடலில் பட்டத்தைப் பிடித்துக்கொண்டு பாயும் வெள்ளைக்காரர்கள். ராத்தா அங்கே ஒரு விடுதியில் சமைக்கிறார். அந்த மணலில் முப்பது வருடம் இருந்துவிட்டு வந்தவர், வளைவு திரும்பியதும் எழுந்து நின்ற சிவப்பு மலைகளைக் கண்டு கார்க் கண்ணாடியை இறக்கச் சொன்னார்.

"பொம்பரிப்பு மண்ணு மாதிரியே இரிக்கி தம்பி" என்றார் பிறகு. "அதே செவப்பு."

நான் தலையாட்டினேன். எனக்கு அந்த மண் ஞாபகம் இல்லை. நான்தான் கீழே பார்க்கவில்லையே.

காரை நிறுத்திய இடத்திலிருந்து கொஞ்சத் தூரம் ஒழுங்கான பாதை. பிறகு வெறும் பாறை. அகலமான, வழுக்கையான பாறை. அதில் காலடி பதியாது. அதனால் முன்னே போனவர்கள் வழி தெரிவதற்காக அங்கங்கே மூன்று நான்கு கல்லை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி வைத்திருப்பார்கள். ஓர் அடுக்கின் பக்கத்தில் நின்று பார்த்தால் அடுத்தது தெரியும். அப்படியே போய்ச் சேரலாம். வேலைக்கூட்டாளிகளோடு வந்து பழகியதால் எனக்கு இது சாதாரணம். தண்ணீர்ப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு நான் முன்னால் நடந்தேன். நடுவில் ராத்தா. கடைசியில் கெமராவோடு அம்றா.

நான் பேசிக்கொண்டே போனேன். பாறை எத்தனை கோடி வருடம் பழையது, முன்னொரு காலம் இது மணல்மேடாக இருந்தது என்றெல்லாம். ராத்தா "ஆ, ஆ" என்று கேட்டுக்கொண்டு வந்தார். பின்னால் அம்றாவின் கெமரா டிக் டிக் என்று கேட்டுக்கொண்டே இருந்தது. பிள்ளை நன்றாக வேலை செய்கிறாள் என்று சந்தோசப்பட்டேன். ஒருமுறையாவது திரும்பிப் பார்த்திருக்கலாம்.

மேலே ஒரு கிண்ணம் போன்ற இடம். பின்னேரத்து அசர் தொழுதோம், பாண் சாப்பிட்டோம், வெயில் இறங்கக் காத்திருந்தோம். அந்தக் கடைசி வெயில் விழுந்ததும் பாறை எல்லாம் சூளையிலிருந்து அப்போதுதான் எடுத்த செங்கல் மாதிரி ஆகிவிட்டது. அம்றா பாறையில் படுத்தும் முழங்காலில் நின்றும் எடுத்தாள். ராத்தா சம்பல் கையோடு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். "கெட்டிக்காரி" என்றார் என்னிடம், மெதுவாக. அவளிடமே சொல்லுங்கள் ராத்தா என்றேன். "என்ட கதைக்குச் சிரிச்சிருவாளோ எண்டு பயம்" என்றார். ஐந்து கிழமையாக இரண்டு பேரும் ஒரே பயத்தோடு இருந்திருக்கிறார்கள்.

5

திரும்பப் புறப்பட்டோம். முறுக்கிய ஒரு மரத்தின் அடியில் கல் அடுக்கு ஒன்று இருக்க வேண்டும். மரம் இருந்தது, அடுக்கு இல்லை. வேறு மரமாக இருக்கும் என்று இடப் பக்கம் போனேன். இல்லை. வலப் பக்கம் போனேன். ஒரு பள்ளத்தின் விளிம்பில் போய் நின்றேன். போனில் சிக்னல் ஒரு கோடும் இல்லை. சூரியன் மலைக்குப் பின்னால் போய்விட்டது. ஏறும்போது ஒவ்வொன்றும் ஒரு முகத்தோடு நின்ற பாறைகள், இறங்கும்போது எல்லாம் ஒன்றாகத் தெரிந்தன. போத்தலில் கால்வாசித் தண்ணீர். இந்தப் பாலைவனம் பகலில் எப்படிச் சுடுமோ இருட்டினால் அப்படிக் குளிரும். பிழையான பக்கத்தில் இறங்கிக் காலை முறித்துக்கொண்டவர்களின் கதை எனக்குத் தெரியும்.

"கல்லு அடுக்கி வெச்சிருந்தது, ஒண்டையும் காணல்லயே" என்றேன், எனக்கே சொல்வது போல.

"அதுவா?" என்றார் ராத்தா. "அத நான்தான் ஒதுக்கிட்டு வந்தேன்."

"என்னா?"

"சின்னப்புள்ளயள் வெளாடிட்டு நடு வழியில விட்டுட்டுப் போயிருக்கு. ஆராச்சும் கால் தட்டி விழுந்தா? எல்லாத்தையும் எடுத்து செடிப் பத்தைக்குள்ள போட்டுட்டேன்."

"எல்லாத்தையுமா?"

"ஓம். ஒண்டும் விடல்ல."

குரலில் சின்னப் பெருமைகூட இருந்தது. குர்ஆன் கற்ற ஓதப்பள்ளியில் நாங்கள் எல்லோரும் படித்ததுதானே: வழியில் கிடக்கும் கல்லையும் முள்ளையும் ஒதுக்குவது நன்மை. ஊரில் எத்தனை பேர் படித்தார்கள், எத்தனை பேர் குனிகிறார்கள்? ராத்தா குனிகிறவர். அமெரிக்காவிலும் குனிந்திருக்கிறார்.

இன்று இதைச் சொல்லிச் சிரிக்கிறேன். அன்று கத்தினேன். "உங்களுக்கு ஒண்டையும் தொடாம இருக்க ஏலாதா ராத்தா? கண்டதையெல்லாம் எடுத்து வைக்க இது உங்கட குசினியா? புள்ளயக் கூட்டிட்டு வந்திருக்கேன், இனி எப்பிடிக் கீழ போற?" பாறை அதைத் திருப்பித் திருப்பிச் சொன்னது. என் வாழ்க்கையில் ராத்தாவைப் பார்த்துக் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை. அவர் முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு, தன் கைகளைப் பார்த்தார். அந்தப் பார்வையை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

6

"வாப்பா, நிப்பாட்டுங்க."

தமிழில் சொன்னாள். அவள் எனக்கும் ராத்தாவுக்கும் நடுவில் வந்து நின்று கெமராவின் சின்னத் திரையை என் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். பின்னோக்கித் தட்டத் தொடங்கினாள்.

கிண்ணத்தின் சிவப்பு வெளிச்சம் முப்பது படம் இருக்கும். அதற்கு முந்தியது எல்லாம் ராத்தா. குனிந்திருக்கும் ராத்தா. இரண்டு கையாலும் கல்லைத் தூக்கும் ராத்தா. அதைக் குழந்தையைக் கிடத்துவதைப் போலப் பத்தைக்கு அடியில் வைக்கும் ராத்தா. கையில் ஒட்டிய சிவப்புத் தூள். ஒரு கல்லைத் தொடும் முன்னால் பிஸ்மி சொல்லி அசையும் வாய். ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு பாறை, ஒரு வெடிப்பு, ஒரு மரம்.

"நீ கண்டியா? ஏன் சொல்லல்ல?" என்றேன்.

"நான் நெனச்சேன்... அது மாமிட துஆ எண்டு." அவள் சொல்லைத் தேடித் தேடி எடுத்தாள். "நடந்து, குனிஞ்சி, வாயால என்னமோ சொல்லி... வடிவா இருந்திச்சி."

"கேட்டிருக்கலாம்தானே?"

"கேக்க எனக்குத் தமிழ் வரல்ல."

பதின்மூன்று வருடமாக அவளுடைய இங்கிலீஷ் பதிலோடு சமாதானமாகி அந்த வீட்டில் இருந்தவன் நான்தானே.

இறங்கியது இப்படித்தான்: அம்றா ராத்தாவின் கடைசிப் படத்திலிருந்து ஒவ்வொன்றாகப் பின்னோக்கித் திறந்து கையை நீட்டிப் பிடிப்பாள். திரையில் இருக்கும் பாறையும் கண்ணுக்கு முன்னால் இருக்கும் பாறையும் ஒன்றாகப் பொருந்தும் வரைக்கும் நாங்கள் நகர்வோம். பொருந்தியதும் ராத்தா பத்தைக்குள் கையை விட்டுத் தான் வைத்த கற்களை எடுப்பார். எங்கே வைத்தார் என்று ஒன்றுகூட அவருக்குத் தவறவில்லை. பிறகு அடுக்குவார். முதலாவதை இடுப்பு உயரத்துக்குக் கட்டப் பார்த்தார்.

"மாமி, மூணு" என்றாள் அம்றா, படத்தைக் காட்டி. "மூணு கல்தான் இருந்திச்சி."

"மூணு காணாது மகள். காத்துக்கு விழுந்துரும்."

"விழாது. மூணு."

"நாலு வெப்பமே."

"மூணு மாமி!"

அவர்கள் இருவருக்கும் நடந்த முதல் சம்பாசணை இதுதான். அடுத்த அடுக்கிலும் இதே சண்டை. அதற்கடுத்ததில் ராத்தா நாலாவது கல்லை வைத்துவிட்டு ஓடினார். ஐம்பத்திரண்டு வயதில், றிபாயாவின் சப்பாத்தோடு. அம்றா சிரித்துக்கொண்டே அதை எடுத்தாள். நான் தண்ணீர்ப் பையைச் சுமந்துகொண்டு பின்னால் நடந்தேன். என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

அம்றாவின் பத்துப் படங்களும் இப்போது பள்ளிக்கூடச் சுவரில் தொங்குகின்றன. ஒன்றிலும் பாறை முழுதாக இல்லை. வெளிச்சம் மாறுகிறதா என்று கேட்டால், மாறுகிறது. ராத்தாவின் கையில் மாறுகிறது.

7

கடைசி அடுக்கைக் கட்டி முடித்தபோது கீழே கார் தெரிந்தது. வானத்தில் கொஞ்சம் வெளிச்சம் மிச்சம் இருந்தது. ராத்தா ஒரு கல்லில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். அம்றா பக்கத்தில் குந்தினாள்.

"மாமி, ஏன் கல்ல எடுத்தீங்க?"

"பழக்கம் மகள்" என்றார் ராத்தா. பிறகு, சாதாரணமாக, மீன் விலை சொல்வதைப் போல, "உங்கட வாப்பாக்கு அண்டைக்குச் செருப்பில்லயே" என்றார்.

அம்றாவுக்கு விளங்கவில்லை. எனக்கும் உடனே விளங்கவில்லை.

"பொம்பரிப்பு வழியெல்லாம் கல்லும் சூரை முள்ளும். இவனுக்குக் குத்தினா இவன் அழுவான், இவன் அழுதா உம்மாவும் அழுவா. அதால நான் முன்னுக்குப் போய் காலால ஒதுக்கி ஒதுக்கி விட்டுட்டுப் போனேன். எலுவன்குளம் வரைக்கும் அப்பிடித்தான். பொறகு அந்தக் கால் சும்மா நடக்காது. வழியில என்னமும் கெடந்தா ஒதுக்கத்தான் பாக்கும்."

முப்பத்து மூன்று வருடமாக நான் சொல்லித் திரிந்த இரும்புக் கால். மெத்தென்று இருந்த வழி.

"எனக்கு ஒரு நாளும் சொல்லல்லயே ராத்தா" என்றேன்.

"நீதான் ஒரு முள்ளும் குத்தல்ல எண்டு ஊரெல்லாம் பெரும அடிச்சித் திரிஞ்சியே. அத ஏன் கெடுப்பான் எண்டு விட்டுட்டேன்."

அம்றா என்னைத் திரும்பிப் பார்த்தாள். கண்ணை உருட்டவில்லை. உருட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நான் மேல கத்தினது..." என்று தொடங்கினேன்.

"சும்மா இரு. இருட்டப் போகுது." ராத்தா முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "கீழ பாக்காம முன்னால பாத்து நட."

நான் கீழே பார்த்தேன். எங்களுக்கு முன்னால் இறங்கிய அம்றா, வலது காலைப் பக்கவாட்டில் வீசி, வழியில் கிடந்த ஒரு முள் கட்டையை ஓரத்துக்குத் தள்ளிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்துகொண்டிருந்தாள்.